பிராண்டுக்காக நேரலை ஆடியோ ரூம் தொடங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

விதைப்பந்து:

வணக்கம். சிறு தொழில் செய்பவர்களுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றின் மார்க்கெட்டிங் குழுவில் மூன்று பேர் இருக்கிறோம். அடுத்த காலாண்டில் சோஷியல் ஆடியோவில் இறங்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், நேரலைப் பேச்சு. எக்ஸ் தளத்தில் பின்தொடர்பவர்கள் சுமார் 3,000 பேர், மின்னஞ்சல் பட்டியலில் 5,000 பேர் இருக்கிறார்கள். குழு அரட்டைத் தளமான டிஸ்கார்டில் எதுவும் கிடையாது.

எந்தத் தளத்தில் நடத்துவது? ஒரு மணி நேர ரூமுக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கும்? ஆப் காட்டும் "கேட்டவர்கள்" எண்ணை மேலிடத்துக்கு எப்படி விளக்குவது? நேரலையில் பெரும்பாலும் எது கெட்டுப்போகும்? குரலில் மட்டும் கூடிப் பேசும் ஆப்பான கிளப்ஹவுஸின் அலை ஓய்ந்தது தெரியும். அதோடு இந்த வடிவமே முடிந்துவிட்டதா, இல்லை இடம்தான் மாறியிருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தூரஒலி:

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், தளத்தைத் தேர்ந்தெடுப்பது அதைப் பொறுத்தது.

கிளப்ஹவுஸ் 2020-ல் ஐபோனுக்கு மட்டும், அதுவும் அழைப்பு கிடைத்தவர்களுக்கு மட்டும் என்று வந்தது. ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்குப் பேச்சுத் துணை தேவைப்பட்டது. 2021 ஜனவரி கடைசியில் ஈலான் மஸ்க் பேசிய ரூம் 5,000 பேர் என்ற அப்போதைய வரம்பில் முட்டி நின்றது, இடம் கிடைக்காதவர்கள் வேறு ரூம்களில் மறு ஒலிபரப்பாகக் கேட்டார்கள். ஆண்ட்ராய்டு ஆப் அந்த ஆண்டு மே மாதம்தான் வந்தது, அழைப்பு முறை ஜூலையில்தான் போனது. கதவு முழுசாகத் திறந்த நேரத்தில் பல இடங்களில் மக்கள் வெளியே நடமாடத் தொடங்கியிருந்தார்கள். 2023 ஏப்ரலில் நிறுவனம் ஊழியர்களில் பாதிக்கு மேல் குறைத்தது, செப்டம்பரில் நண்பர்கள் குழுவுக்குள் குரல்செய்தி அனுப்பும் ஆப்பாக அதை மாற்றியமைத்தது.

பின்னால் வந்தவற்றையும் பாருங்கள். ஸ்பாட்டிஃபை 2021 ஜூனில் கிரீன்ரூம் தொடங்கி, அடுத்த ஆண்டு ஸ்பாட்டிஃபை லைவ் என்று பெயர் மாற்றி, 2023 ஏப்ரலில் மூடியது. ரெடிட் டாக் 2023 மார்ச்சில் நின்றது. அமேசானின் ஆம்ப் 2022 மார்ச்சில் வந்து 2023 அக்டோபரில் போனது. ஃபேஸ்புக்கின் லைவ் ஆடியோ ரூம்கள் 2022 கடைசியில் ஃபேஸ்புக் லைவுக்குள் கரைந்தன. லிங்க்ட்இன் ஆடியோ ஈவென்ட்ஸ் 2022-ல் வந்து 2024-ஓடு முடிந்தது.

ஆள் இல்லாமல் இவை மூடவில்லை. ரெடிட்டிலும் ஃபேஸ்புக்கிலும் கூட்டத்துக்கு என்ன குறை? நேரலைப் பேச்சை வரிசைப்படுத்திக் காட்டுவதுதான் கடினம். ஒரு வீடியோ நன்றாக ஓடினால் தளம் அதை நாளைக்கும் இன்னொருவருக்குக் காட்டும். ஒரு ரூம் நன்றாக இருக்கிறது என்று தளத்துக்குத் தெரியவரும்போது ரூம் முடியப்போகிறது. 45-ஆம் நிமிடத்தில் நுழைபவருக்கு அதற்கு முன் என்ன பேசினார்கள் என்பதும் தெரியாது. இந்தச் சிக்கல் இன்றும் தீரவில்லை. அதனால் தளமே புது ஆட்களைக் கொண்டுவந்து தரும் என்ற கணக்கில் திட்டம் போடாதீர்கள். உங்கள் அழைப்பைப் பார்த்து வருபவர்கள்தான் பெரும்பகுதி.

இப்போது இருப்பவற்றில் உங்களுக்குப் பொருந்தக்கூடியவை மூன்று: எக்ஸின் ஸ்பேஸஸ், டிஸ்கார்டின் ஸ்டேஜ் சேனல், டெலிகிராமின் குரல் அரட்டை. ஸ்பேஸஸ் பொதுவெளி, லிங்க் கிடைத்த யாரும் வரலாம். ஸ்டேஜ் சேனல் (சிலர் பேச, மற்றவர்கள் கேட்கும் அறை) வேண்டுமென்றால் டிஸ்கார்ட் சர்வரை, அதாவது அங்கே உங்களுக்கென அமைக்கும் குழுவை, முதலில் கம்யூனிட்டி சர்வராக மாற்றியாக வேண்டும், உறுப்பினர்களும் ஏற்கெனவே இருக்க வேண்டும். டெலிகிராம் உங்கள் சேனலில் சேர்ந்தவர்களுக்கானது. உங்களுக்கு எக்ஸில் 3,000 பேர் இருப்பதால் ஸ்பேஸஸ் ஒன்றே போதும். ஆடியோவுக்காக மட்டும் புது டிஸ்கார்ட் சர்வர் கட்டாதீர்கள். அதைத் தினமும் பராமரிக்க ஒரு ஆள் தனியாக வேண்டும்.

ஆனால் உங்கள் உண்மையான பலம் அந்த 5,000 மின்னஞ்சல்கள். ஒவ்வொரு ரூமுக்கும் முன்பதிவுப் பக்கம் உங்கள் தளத்தில் இருக்கட்டும், ஒலிப்பதிவும் எழுத்து வடிவமும் உங்கள் சர்வரில் இருக்கட்டும். தளம் எப்போது வேண்டுமானாலும் இந்த வசதியை எடுத்துவிடும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

தொடங்கும் முன் ஒரு சோதனை. உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு வந்த கேள்விகளை எடுத்து, 40 நிமிடம் பேசத் தாங்கும் எட்டுக் கேள்விகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அதைப் பற்றிப் பேசத் தெரிந்த இரண்டு பேரைக் குறியுங்கள், அதில் ஒருவராவது உங்கள் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவராக இருக்க வேண்டும். "சரக்கு திரும்பி வந்தால் பில்லை எப்படித் திருத்துவது" என்பது தாங்கும். "எங்கள் புதிய வசதிகள்" என்பது பத்து நிமிடம்கூடத் தாங்காது. எட்டும் சேரவில்லை என்றால் இந்தக் காலாண்டில் தொடங்க வேண்டாம். மூன்றாம் வாரம் பேச ஆளில்லாமல் நின்றுபோகும் தொடர், தொடங்காததைவிட மோசமாகத் தெரியும்.

அலைவரிசை77:

தளம் பற்றித் தூரஒலி சொன்னது சரி. நான் ஒலியைப் பற்றிச் சொல்கிறேன், ரூமை விட்டு ஆட்கள் வெளியேறுவதற்குப் பேச்சைவிட மோசமான ஒலிதான் பெரும்பாலும் காரணம்.

முதல் எதிரி புளூடூத் இயர்போன். பாட்டுக் கேட்கும்போது அது நன்றாகத்தான் ஒலிக்கும். அதன் மைக்கைத் திறந்ததும் பாட்டுக்கான முறையிலிருந்து தொலைபேசிக்கான முறைக்கு மாறிவிடும். அந்த முறையில் ஒலி மோனோ (ஒற்றைத் தடம்), மாதிரி வீதம் (வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ். 8-ஆக இருந்தால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி ஒன்றுமே போகாது. ச, ஸ, ஷ போன்ற ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது, அதனால் கேட்பவருக்குப் பேச்சு குழறியது போல வந்து சேரும். மைக் உள்ள சாதாரண வயர் இயர்போன் போதும். யூஎஸ்பி மைக் இருந்தால் வாயிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தூரத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள், ப போன்ற வெடிப்பொலிகள் வரும்போது காற்று மைக்கில் மோதாது.

இரண்டாவது எதிரொலி. இதில் பலரும் ஆளை மாற்றிப் பிடிக்கிறார்கள். "என் குரல் எனக்கே திரும்பி வருகிறது" என்று சொல்பவரிடம் தவறு இல்லை. வேறு யாரோ ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கிறார், அந்த ஒலி அவருடைய மைக்குக்குள் போய்த் திரும்புகிறது. கண்டுபிடிக்க, ஒருவர் எண்களைச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும், ஹோஸ்ட் (ரூமை நடத்துபவர்) மற்றவர்களை ஒவ்வொருவராக மியூட் செய்யட்டும். யாரை மியூட் செய்ததும் எதிரொலி நிற்கிறதோ அவர் இயர்போன் போட்டாக வேண்டும். இதை ரூம் திறப்பதற்கு 15 நிமிடம் முன்பே வேறொரு அழைப்பில் செய்து முடித்துவிடுங்கள்.

இணையத்தில் வேகம் பெரிய விஷயமே இல்லை. 64 கேபிபிஎஸ் குரல் ஓடை ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பிக்குள்தான் எடுக்கும். ஒலி சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகிறது, அவை வழியில் தொலைவதுதான் சிக்கல். இந்த ஆப்கள் ஒலியைச் சுருக்கி அனுப்பப் பரவலாகப் பயன்படுத்தும் ஓபஸ் கோடெக்கில் வழக்கமான ஒரு பொட்டலம் 20 மில்லிவினாடி, அதாவது வினாடிக்கு 50 பொட்டலம். அதில் 5 விழுக்காடு தொலைந்தால் வினாடிக்கு இரண்டு மூன்று இடத்தில் ஓட்டை விழும். சிறு ஓட்டைகளை ஆப் ஒட்டுப்போட்டுவிடும். அடுத்தடுத்து நாலைந்து போனால் ஒரு அசையே காணாமல் போகும். வேகச் சோதனையில் 100 எம்பிபிஎஸ் காட்டும் வைஃபையிலும் இது நடக்கும். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள், முடிந்தால் கேபிள் போடுங்கள்.

ஹோஸ்டின் போன்: ஏரோப்பிளேன் மோடு போட்டு வைஃபையை மட்டும் திறந்து வையுங்கள். வைஃபை வழி வரும் அழைப்புகளையும் வாட்ஸ்அப் அழைப்புகளையும் தடுக்க டூ நாட் டிஸ்டர்ப் போடுங்கள். அழைப்பு வந்தால் மைக் ஆப்பிடமிருந்து பிடுங்கப்படும், அழைப்பை வெட்டிய பிறகும் சில போன்களில் அது தானாகத் திரும்பாது. ஆண்ட்ராய்டில் அந்த ஆப்புக்கு பேட்டரி ஆப்டிமைசேஷனை நீக்குங்கள், இல்லையென்றால் திரை அணைந்ததும் சிஸ்டம் ஆப்பை நிறுத்தக்கூடும். சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

பதிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பின்னால் உங்களுக்கு மிச்சமாகப் போவது அதுதான். ஆப் தரும் பதிவு எல்லாக் குரல்களும் கலந்து, அழுத்தப்பட்டு, விழுந்த ஓட்டைகளோடு வரும். அதை நம்பி வெட்டி ஒட்ட முடியாது. ஒவ்வொரு பேச்சாளரும் பக்கத்தில் இரண்டாவது போன் ஒன்றை வைத்து அதில் தனியாகப் பதிவு செய்யட்டும். அதே போனில் முடியாதா என்று கேட்பார்கள். ஒரு ஆப் அழைப்புக்காக மைக்கைப் பிடித்திருக்கும்போது இன்னொரு ஆப்பைப் பெரும்பாலும் சிஸ்டம் விடாது, விட்டாலும் மௌனம்தான் பதிவாகும். மோனோ, 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பு மணிக்கு 346 எம்பி வரும், இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

எடிட் செய்யும்போது ஆப்பின் கலவைப் பதிவை அடியில் வழிகாட்டியாகப் போட்டு, ஒவ்வொருவருடைய தனிப் பதிவையும் அதன் மேல் பொருத்துங்கள். கைதட்டி ஒத்திசைப்பது இங்கே சரிவராது. எல்லோரும் இயர்போனில் இருப்பதால் ஒருவர் தட்டுவது மற்றவர் மைக்கில் விழாது, "மூன்று" எண்ணியதும் எல்லோரும் தட்டினாலும் இணையத் தாமதம் ஆளுக்கு ஆள் மாறும். தொடக்கத்தில் பொருத்தியது கடைசியில் விலகியிருக்கும், ஏனென்றால் இரண்டு போன்களின் கடிகாரமும் அச்சு அசலாக ஒன்றல்ல. 20 நிமிடத்துக்கு ஒருமுறை வெட்டி மறுபடி பொருத்துங்கள். கடைசியில் ஒலியளவை ஸ்டீரியோ என்றால் மைனஸ் 16, மோனோ என்றால் மைனஸ் 19 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சராசரி ஒலியளவின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்து, உச்சம் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டாமல் பாருங்கள்.

விதைப்பந்து:

அருமை, நன்றி. இரண்டாவது போன் விஷயம் யாருக்கும் தோன்றியிருக்காது. எண்ணிக்கை பற்றி யாராவது சொல்ல முடியுமா? "எத்தனை பேர் கேட்டார்கள்" என்ற ஒரே கேள்விதான் மேலிடத்திலிருந்து வரும்.

கணக்குப்பிள்ளை:

அந்த ஒரே கேள்விக்கு மூன்று வேறு விடைகள் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரியுங்கள்.

மொத்தம் உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர், ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் இருந்தார்கள், சராசரியாக எந்த நிமிடத்திலும் எத்தனை பேர் இருந்தார்கள். ஆப் பெருமையாகக் காட்டுவது முதல் எண்ணை. இரண்டு வினாடி எட்டிப் பார்த்துப் போனவரும் அதில் சேர்த்தி. உங்களுக்கு வேண்டியது மூன்றாவது, அதை ஆப் காட்டாது. ஆனால் கையால் எடுத்துவிடலாம். உங்கள் மூவரில் ஒருவர் 5 நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் தெரியும் கேட்பவர் எண்ணிக்கையை ஒரு ஷீட்டில் குறிக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு 12 எண்கள் வரும். அவற்றின் சராசரியை 60-ஆல் பெருக்கினால் மொத்தக் கேட்பு நிமிடங்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. மொத்தம் வந்தவர்கள் 400, குறித்த 12 எண்களின் சராசரி 80 என்று வைப்போம். கேட்பு நிமிடம் 80 × 60 = 4,800. அதை 400-ஆல் வகுத்தால் ஆளுக்குச் சராசரி 12 நிமிடம். "400 பேர் ஒரு மணி நேரம் கேட்டார்கள்" என்று மேலிடம் நினைத்துக்கொண்டிருப்பதற்கும் இதற்கும் ஐந்து மடங்கு வித்தியாசம். முதல் வாரமே இந்த 12-ஐச் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் விழுந்துவிட்டது போலத் தெரியும்.

இன்னொரு பக்கம் உங்கள் உழைப்பு. ஒரு மணி நேர ரூமுக்கு விருந்தினரோடு முன்பேச்சு 2 மணி நேரம், அறிவிப்பும் மின்னஞ்சலும் 2, அன்றைக்கு மூன்று பேரும் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று 4.5, எடிட் 4, எழுத்து வடிவத்தைச் சரிபார்க்க 2. மொத்தம் 14.5 மணி நேரம், எட்டு வாரத்துக்கு 116. மேலே சொன்ன ரூமில் கேட்கப்பட்ட நேரம் 4,800 நிமிடம், அதாவது 80 மணி நேரம். உழைப்பு 14.5, கேட்பு 80, பரவாயில்லை. ஆனால் வந்தவர்கள் 30 பேர், ஆளுக்கு 12 நிமிடம் என்றால் கேட்பு வெறும் 6 மணி நேரம்தான். அப்போது நேரலையை மட்டும் வைத்துப் பார்த்தால் அது நஷ்டம், பதிவிலிருந்து எடுக்கும் கட்டுரையும் துண்டு ஒலியும்தான் ஈடுகட்ட வேண்டும். சிறு ரூமே நடத்தக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் 30 பேர் என்றால் அது மிக நல்ல ரூம். எந்த 30 பேர் என்று தெரியாமல் இருப்பதுதான் கவலை.

அதைத் தெரிந்துகொள்ள வழி: ஆடியோவில் கிளிக் கிடையாது. வாயால் சொல்லும் முகவரியைக் கேட்பவர் காதால் வாங்கித் தட்ட வேண்டும். இங்கேதான் தமிழில் பேசுபவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். "வழி" என்ற சொல்லை முகவரியில் வைத்தால் ஆங்கில எழுத்தில் ஒருவர் ழகரத்துக்கு இசட்-ஹெச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார், மூன்றாமவர் வெறும் இசட் போடுவார். நெடில் வரும் சொல்லில் ஏ ஒன்றா இரண்டா என்று குழப்பம். ழ, ள, நெடில் மூன்றும் இல்லாத சொல்லாகப் பாருங்கள், இல்லையென்றால் எண் வையுங்கள். உங்கள் டொமைனுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு 1, 2, 3 என்று வார எண்ணே போதும். ஒவ்வொரு எண்ணும் யூடிஎம் குறியோடு (வந்தவர் எந்த வழியில் வந்தார் என்று காட்ட லிங்க்கில் சேர்க்கும் குறி) அந்த வாரத்துப் பக்கத்துக்குத் திருப்பி விடட்டும். ரூமின் மேலே குத்தி (பின்) வைக்கும் இடுகையிலும் அதே பக்கத்துக்கான லிங்க், ஆனால் வேறு யூடிஎம். அப்போதுதான் காதால் கேட்டு வந்தவர் யார், தட்டி வந்தவர் யார் என்று பிரியும்.

இதோடு நிறுத்தாமல், முன்பதிவுப் படிவத்தில் "இப்போது பில் எதில் போடுகிறீர்கள்" என்று ஒரே ஒரு கேள்வி சேருங்கள். இரண்டாவது கேள்வி வேண்டாம்.

படிக்கட்டு:

ரூமை நடத்தும் முறையும், சட்டப்படி கவனிக்க வேண்டியதும் இன்னும் பேசப்படவில்லை.

மூன்று பேரும் மூன்று வேலை. ஒருவர் ஹோஸ்ட், அவர் பேசுவதை மட்டும் பார்ப்பார். ஒருவர் கோ-ஹோஸ்ட், கை உயர்த்துபவர்களைப் பார்ப்பார், மேடைக்கு (பேச அனுமதி பெற்றவர்கள் இருக்கும் இடம்) ஏற்றுவார், இறக்குவார். மூன்றாமவர் எண்ணிக்கை குறிப்பார், கேள்விகளை நேரத்தோடு எழுதுவார் (அந்த நேரக்குறிப்பு இருந்தால் எடிட் வேலை பாதியாகும்). மூவருக்கும் தனியாக ஒரு எழுத்து அரட்டை திறந்திருக்கட்டும். அது ஹோஸ்டின் ரூம் போனில் வேண்டாம், லேப்டாப்பில் இருக்கட்டும். கோ-ஹோஸ்ட் வேறு இணைய இணைப்பில் இருக்க வேண்டும். ஹோஸ்டின் இணைப்பு அறுந்தால் ரூம் தொடருமா, மூடுமா என்பது தளத்துக்குத் தளம், பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. முதல் நாளுக்கு முன் உங்களுக்குள் ஒரு சோதனை ரூம் திறந்து, ஹோஸ்ட் போனை அணைத்துப் பாருங்கள்.

மாற்று லிங்க்கும் தயாராக இருக்கட்டும். 2023 மே மாதம் அமெரிக்க அதிபர் தேர்தல் வேட்பாளர் ஒருவரின் அறிவிப்பு ஸ்பேஸஸில் நடந்தபோது, கூட்டம் தாங்காமல் ஒலி அறுந்து அறுந்து, 20 நிமிடத்துக்கு மேல் தாமதமானது. கடைசியில் இன்னொருவரின் கணக்கிலிருந்து புது ரூம் திறந்துதான் நடத்தினார்கள். முதல் ரூமில் இருந்த கூட்டத்தில் ஒரு பகுதிதான் இரண்டாவதற்கு வந்தது. உங்களுக்கு அவ்வளவு கூட்டம் வராது. ஆனாலும் "ரூம் விழுந்தால் இந்தப் பக்கத்தில் புது லிங்க் இருக்கும்" என்று முன்பதிவு மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள்.

மேடையில் ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் வேண்டாம். ஸ்பேஸஸில் ஹோஸ்ட் 1, கோ-ஹோஸ்ட் 2, பேச்சாளர் 10 என்று 13 பேர் வரை ஏற்றலாம் என்பது நெடுநாள் வரம்பு. வரம்பு இருக்கிறது என்பதற்காக நிரப்பக்கூடாது. முகம் தெரியாத இடத்தில் ஐந்தாவது குரல் வந்ததும் யார் பேசுகிறார் என்று கேட்பவருக்குப் பிடிபடாது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும், விருந்தினர்களிடமும் "நான் இன்னார்" என்று சொல்லித் தொடங்கச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்க வருபவர் கேட்டு முடித்ததும் நன்றி சொல்லிக் கீழே இறக்கிவிடுங்கள். பதில் அவர் கீழே இருந்தாலும் கேட்கும். மேடையிலேயே விட்டால் அவருடைய வீட்டுச் சத்தமும் கூடவே இருக்கும்.

ரூமைக் கெடுக்க வருபவர்கள் வருவார்கள். அதற்கு ஒரே வாக்கியம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "இது இன்றைய தலைப்புக்கு வெளியே போகிறது, அடுத்தவரை அழைக்கிறோம்." கோ-ஹோஸ்ட் அந்த நொடியே மியூட் செய்து இறக்க வேண்டும். விளக்கம், வாதம் எதுவும் வேண்டாம். அவரோடு ஹோஸ்ட் வாதாடும் இரண்டு நிமிடத்தில்தான் மற்றவர்கள் கிளம்புவார்கள்.

சட்டப் பக்கம். பதிவு செய்கிறீர்கள் என்றால் தலைப்பிலேயே போடுங்கள், தொடக்கத்தில் சொல்லுங்கள், ஒவ்வொருவரையும் மேடைக்கு ஏற்றும் முன் மறுபடி சொல்லுங்கள். பாதியில் வந்தவருக்குத் தொடக்கத்தில் சொன்னது தெரியாது. பணம் வாங்கிக்கொண்டோ இலவசக் கணக்கு பெற்றுக்கொண்டோ பேசும் விருந்தினர் அதை வாயால் சொல்ல வேண்டும். நேரலையில் பரிந்துரை செய்பவர்கள் அந்த அறிவிப்பை அவ்வப்போது திரும்பச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி தன் வழிகாட்டியில் தெளிவாகவே சொல்கிறது. வேறு நாட்டில் இருந்தாலும் அதைப் பின்பற்றுவது நல்லது. நேரலையில் உங்கள் ஆள் ஒருவர் "இதில் தப்பே வராது, உத்தரவாதம்" என்று சொன்னால் அதுவும் விளம்பரத்தில் அச்சடித்த வாக்குறுதிக்குச் சமம்தான். போட்டியாளர் பெயரைச் சொல்லிக் குறை பேச விடாதீர்கள். இடைவேளையில் சினிமாப் பாட்டுப் போடாதீர்கள், அதற்கு உங்களிடம் உரிமம் இல்லை.

ரூமுக்கு வந்தவர்கள் பட்டியலைப் பார்த்துப் பெயர் எடுத்து விற்பனைப் பிரிவுக்குக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. செய்யாதீர்கள். கேட்க வந்தது அழைப்பு வாங்கச் சம்மதித்ததாகாது. பயனர் தரவைக் கையாண்ட விதத்துக்காகக் கிளப்ஹவுஸ் நிறுவனத்துக்கே இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் 20 லட்சம் யூரோ அபராதம் போட்டது.

காது கேளாதவர்களும் உங்கள் வாடிக்கையாளர்கள்தான். தளத்தில் நேரடி எழுத்து வசதி இருந்தால் திறந்து வையுங்கள். தமிழுக்கு அது சரியாக வராவிட்டால், முடிந்த மறுநாள் முழு எழுத்து வடிவத்தைப் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

தலைப்பை நினைவூட்டுவதை மறக்கவிருந்தேன். 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஹோஸ்ட் தலைப்பையும் மேடையில் யார் இருக்கிறார்கள் என்பதையும் அரை நிமிடத்தில் சொல்ல வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

படிக்கட்டு சொன்னதில் இந்த ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். சராசரியாக ஒருவர் 12 நிமிடம்தான் இருக்கிறார் என்றால், 20 நிமிடத்துக்கு ஒருமுறை சொல்வது பலருடைய காதில் விழவே விழாது. ஒரு நினைவூட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவிலேயே அவர் நுழைந்து வெளியேறிவிடுவார். நினைவூட்டும் இடைவெளி சராசரிக் கேட்பு நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். முதல் வாரம் 10 நிமிடம் என்று வையுங்கள், சராசரி கூடினால் இடைவெளியை நீட்டலாம். பணம் பெற்ற விருந்தினரின் அறிவிப்பையும் அதே அரை நிமிடத்திலேயே சேர்த்துவிடலாம்.

படிக்கட்டு:

சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் விருந்தினர் ஒரு நீண்ட விளக்கத்தின் நடுவில் இருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக் குறுக்கிட வேண்டாம். அடுத்த கேள்விக்குத் தாவும் இடத்தில் சொல்லுங்கள். 10 என்பது 12 ஆனால் பாதகமில்லை, பாதி வாக்கியத்தை வெட்டினால் அந்த விருந்தினர் மறுமுறை வர யோசிப்பார்.

விதைப்பந்து:

எல்லோருக்கும் மிக்க நன்றி. எட்டுக் கேள்விப் பட்டியலை இன்றே தொடங்குகிறோம். கடைசியாக ஒன்று: முதல் ரூமை 30 நிமிடமாகச் சுருக்கினால் ஆபத்துக் குறையுமா?

தூரஒலி:

குறையாது, வேறு சிக்கல்தான் வரும். அறிவிப்பைப் பார்த்து ஆட்கள் உள்ளே வந்து சேரவே முதல் 7, 8 நிமிடம் ஆகும். மின்னஞ்சலைத் திறந்து, லிங்க்கைத் தட்டி, ஆப் திறந்து, சில நேரம் லாகின் வேறு செய்ய வேண்டும். 30 நிமிடத்தில் முடித்தால் கேள்வி நேரம் சூடுபிடிக்கும்போது மூட வேண்டியிருக்கும். 45 நிமிடமாக வையுங்கள். முதல் 5 நிமிடம் யார் யார் பேசுகிறார்கள், என்ன தலைப்பு என்பதோடு ஒரு சிறு கேள்விக்கு விடை. முக்கியமான பேச்சு 6-ஆம் நிமிடத்தில் தொடங்கி 25-ல் முடியட்டும், மிச்சம் முழுக்கக் கேள்விகளுக்கு. "இன்னும் ஆட்கள் வரட்டும், காத்திருப்போம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், நேரத்துக்கு வந்தவர்தான் அப்போது கிளம்பிப் போவார்.

கேள்வி கேட்க முதலில் யாரும் கை உயர்த்த மாட்டார்கள். முன்பதிவு செய்தவர்களிடம் முந்தைய நாளே மின்னஞ்சலில் கேள்வி வாங்கி, ஐந்தாறு கையில் வைத்திருங்கள். அவற்றில் இரண்டை, அனுப்பியவர் சம்மதித்தால் அவரையே மேடைக்கு அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள். பழக்கமில்லாத ஒரு குரல் ரூமில் ஒலித்துவிட்டால் அடுத்தடுத்த கைகள் தானாக உயரும்.

அலைவரிசை77:

அப்படி மேடைக்கு வரப்போகிறவர்களிடமும் வயர் இயர்போன் வைத்திருக்கச் சொல்லி அதே மின்னஞ்சலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.